கருகிய கட்டைவிரல்

பழனி ரோட்டில் ஆக்னஸ் என்பவர் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். அவரிடம் தொழில் கற்றுக்கொண்டவர் சங்கிலி. குருவுக்கு முப்பத்தொரு வயசு. சீடருக்கு நாற்பத்து மூன்று. சீடர் குருவை மாஸ்டர் என்பார். குரு சீடரை அண்ணே என்பார்.

ஒரு நாள் காலையில், போன வாரம் முகப்பு விளக்குக்குச் செனான் பல்பு மாட்டிக்கொண்டு போன கார் திரும்பி வந்தது. ஒரு பக்கம் எரியவில்லை. காருக்குச் சொந்தக்காரர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சங்கிலியின் மகள் வளர்மதியும் பள்ளிக்கூடம் போகிற வழியில் வந்து நின்றாள். அப்பா மறந்து வைத்துவிட்டு வந்த சோற்று டப்பா அவள் கையில் இருந்தது.

மகளைப் பார்த்ததும் சங்கிலிக்கு வாய் முந்திக்கொண்டது.

"நான் சரியாத்தான் மாட்டுனேன். உங்க டிரைவர்தான் கழட்டிப் பாத்திருப்பாரு."

"நான் பானெட்டையே தொறக்கலைங்க" என்றார் டிரைவர் அப்பாஸ்.

"நாளையிலேர்ந்து நீ வரவே வேணாம்" என்றார் சொந்தக்காரர்.

ஆக்னஸ் பல்பைத் துணி வைத்துக் கழற்றினார். வெயிலில் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு கட்டைவிரல் தடம் கருகியிருந்தது. நடுவில் குறுக்கே ஒரு கோடு. சங்கிலியின் கட்டைவிரலில் அரிவாள்மணை வெட்டிய தழும்பும் அதே மாதிரிதான் இருக்கும்.

செனான் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக்கூடாது. கையிலிருக்கிற எண்ணெய் ஒட்டி, சூட்டில் கருகிவிடும். முதல் நாள் பாடமே அதுதான்.

ஆக்னஸ் பல்பைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"டிரைவர் மேல தப்பில்ல சார். எங்க கடையில மாட்டும்போதே கை பட்டிருக்கு. புதுசு மாட்டித் தர்றோம்."

அப்பாஸிடம் வண்டியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டுச் சொந்தக்காரர் ஆட்டோவில் போனார். "வர்றேம்ப்பா" என்று வளர்மதியும் போனாள். சங்கிலி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

புது பல்பை மாட்டியதும் ஆக்னஸ் ஷட்டரை இறக்கினார். கடை இருட்டானது.

"போடுங்கண்ணே."

சுவரில் முதலில் மங்கலாக நீலம் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் வெளிச்சம். மேலே கோடு போட்ட மாதிரி இருட்டு.

"இதுல இழை உண்டா?"

"இல்ல மாஸ்டர். உள்ள இருக்கிற வாயுவுல மின்னல் மாதிரி பொறி. அதைப் பத்த வைக்கவே இருபதாயிரம் வோல்ட் வேணும்."

"ஹைபீம் போடுங்க."

டக் என்றது. சுவர் முழுக்க வெளிச்சம்.

"வேற பல்பு எரிஞ்சுதா?"

"இல்ல. அதே பல்புதான்."

"வெளிச்சம் கூடுச்சா?"

"கூடல. மறைச்சிருந்த தகடு இறங்கிருச்சு."

"தகடு எதுக்கு? அணைச்சு அணைச்சுப் போட்டா ஆகாதா?"

"திரும்ப முழுசா எரிய நேரமாகுமே. அதான் எரிய விட்டுட்டு, எதிர்ல ஆள் வந்தா தகட்டால மறைக்கிறது."

"பாடமெல்லாம் நல்லாத்தான் தெரியுது உங்களுக்கு."

சங்கிலி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"கை பட்டது அன்னைக்கே எனக்குத் தெரியும் மாஸ்டர். பேன்ட்டுல தொடச்சு மாட்டிட்டேன். அது யாரு விரல்னு உங்களுக்கும் தெரிஞ்சிருச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சும் எங்க கடைன்னு சொன்னீங்களே. ஏன் எம்பேரைச் சொல்லல?"

"எதிர்ல உங்க பொண்ணு நின்னுச்சு."

சங்கிலி சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவரில் வெளிச்சம் அப்படியே இருந்தது.

ஆக்னஸ் ஷட்டரைத் தூக்கினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் அப்பாஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். வாங்கிய டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பொண்ணு பள்ளிக்கூடம் போயிருச்சு" என்றார் ஆக்னஸ். "இப்ப எதிர்ல அவரு மட்டுந்தாண்ணே. அவருக்கு வெளிச்சம் பத்தல. போய்த் தகட்டை இறக்குங்க."