ஒற்றைக் கொம்பு

கோத்தகிரிக்கு மேலே, மேகம் ஜன்னல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஓர் ஆய்வுக்கூடம். அங்கே சீடர் சேவியர்ராஜுக்குத் தலை நரைத்துவிட்டது. குரு டாக்டர் இளவெயினிக்கு இன்னும் இல்லை. சீடர் குருவை 'மேடம்' என்பார். குரு சீடரை 'அண்ணே' என்பார்.

வெயில் பட்ட உருளைக்கிழங்கு பச்சையாகும், உள்ளே நஞ்சு ஊறும். அந்த நஞ்சைச் சமைக்கிற மரபணுவை மட்டும் திருத்தி, புதுக் கிழங்கு ஒன்றை விளைவித்திருந்தார் சேவியர்ராஜ். சோதனைகள் எல்லாவற்றிலும் அது தேறிவிட்டது. நாளைக்கு விவசாயிகளுக்கு அவித்துப் பரிமாற அனுமதியும் வந்துவிட்டது. அவருக்கோ இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"மேடம், இன்னொரு தடவை சோதிச்சிட்டா என்ன?"

"போன வாரமும் இதையேதான் கேட்டீங்க."

"ஜனங்க வாய்க்குள்ள போற பொருளாச்சே. போதும்னு எப்பதான் தெரியும்?"

இளவெயினி உள்ளே போய்க் கிழங்குப் பெட்டியைத் தூக்கி வந்தார். விவசாயிகள் வாசிப்பதற்காகச் சேவியர்ராஜே எழுதி ஒட்டிய சீட்டு அதில் இருந்தது.

"வாசிங்க அண்ணே."

"நஞ்சு இல்லாதது."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிங்க."

போட்டுக்கொண்டார். முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு நிமிர்ந்து நின்றது.

நெஞ்சு இல்லாதது.

"ஐயையோ! கை தவறிடுச்சு மேடம்."

"மரபணுவில ஒரு எழுத்தை எடுக்க எத்தனை வருஷம் பாடுபட்டீங்க! இங்க ஒரு கொம்பைச் சும்மாவே சேர்த்துட்டீங்களே," என்று சிரித்தார் இளவெயினி.

பெட்டியிலிருந்து இரண்டு கிழங்கை எடுத்துக் குக்கரில் வைத்தார். வெந்ததும் தோலுரித்து, ஆளுக்கொரு தட்டில் போட்டு, மிளகும் உப்பும் தூவினார். ஊதி ஊதித் தன் கிழங்கைத் தின்னத் தொடங்கினார்.

சேவியர்ராஜ் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்களுக்குப் பயமா இல்லையா?"

"உங்க கிழங்குதானே அண்ணே."

கிழங்கின் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. சேவியர்ராஜின் தட்டு அப்படியே இருந்தது.

"எனக்குத்தான் நெஞ்சு துணியமாட்டேங்குது," என்றார் மெல்ல. பிறகு, ஏதாவது செய்தாக வேண்டும் என்பதுபோலச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அந்தச் சீட்டையாவது திருத்திடறேன்."

இளவெயினி பேனாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு வாய் சாப்பிடுங்க அண்ணே. கொம்பு தானா உதிர்ந்துடும்."