எதிர்வரிசையில் தலைவர்

நெடும்பாறை நகர்மன்றத் தலைவர் வடிவாம்பாள், மறுநாள் கூட்டத்துக்கு முன் ஆசி பெற்றுவர அருளம்மையின் மடத்துக்குப் போனார். அருளம்மை வயதில் இளையவர். ஆனாலும் வடிவாம்பாளுக்கு அவர்தான் குரு.

வணங்கி எழுந்ததும் வந்த காரியத்தைச் சொன்னார்.

"நாளைக்கு மாசிலாமணியையும் அவர் ஆட்களையும் மன்றத்தை விட்டு வெளியேத்தப் போறேன், அம்மா. போலீஸுக்கும் சொல்லியாச்சு. அவங்க போனதும் குடிநீர்த் தொட்டித் தீர்மானத்தை நிறைவேத்திடுவேன்."

மாசிலாமணி, மன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்களின் தலைவர்.

"அவர் என்ன செஞ்சார்?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க. கூட்டம் தொடங்கினதுமே கத்துறார். மேசைமேல ஏறுறார். போன தடவை அஜெண்டாவைக் கிழிச்சு, ஏதோ அட்சதை போடுற மாதிரி என் தலையில தூவினார். பள்ளத்தெரு ஜனங்க உப்புத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டிருக்காங்க. இந்த மாசத்துக்குள்ள தீர்மானம் நிறைவேறலைன்னா நிதி ஒதுக்கீடு வேற ஊருக்குப் போயிடும்."

அருளம்மை முழுவதையும் கேட்டார்.

"அவரை வெளியே அனுப்பிட்டா, அவர் பக்கத்தை யார் பேசுவா?"

"அவருக்கு ஏதும்மா பக்கம்? வெறும் வாய்தான்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாதத்தில் இறங்குகிறவர் முதலில் எதிராளியின் கருத்தை, எதிராளியே தலையசைத்து ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். மறுப்பது அதற்குப் பிறகுதான். வடிவாம்பாளும் அதில் தேர்ந்தவரே. ஆனால் அதெல்லாம் ஆன்மா ஒன்றா பலவா என்பது போன்ற வாதங்களில். நகர்மன்றத்துக்கும் அந்த வழக்கம் பொருந்தும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"சரி, நான் தலைவர். நீங்க மாசிலாமணி. பேசுங்க" என்றார் அருளம்மை. சாப்பாட்டு மணியை எடுத்துத் தம் முன்னால் வைத்துக்கொண்டார்.

வடிவாம்பாளுக்கு உற்சாகம் பிறந்தது. முந்தானையைத் துண்டுபோலத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தடிப்பாக்கினார்.

"ஏம்மா தலைவரம்மா! இது நகராட்சியா, உங்க மாமியார் வீடா? தண்ணித் தொட்டி கட்டுறீங்களா, இல்லை உங்க கட்சிக்காரனுக்கு மாடி கட்டுறீங்களா?"

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அருளம்மையும் சிரித்தார்.

"குரல் அப்படியே இருக்கு. இது அவர் திட்டினது. கேட்டது என்ன?"

வடிவாம்பாள் யோசித்தார். திட்டுகள் வரிசை தப்பாமல் நினைவுக்கு வந்தன. கேள்வியைத் தேட வேண்டியிருந்தது.

"தொட்டி வரப்போறது சந்தைத் திடல்ல. அங்க கடை போடுற பொம்பளைங்களைப் பத்தி ஏதோ சொன்னார்..."

"மாசிலாமணியாப் பேசுங்க."

அவர் நிமிர்ந்து நின்றார். "தலைவர் அவர்களே, சந்தைத் திடல்ல கீரையும் கருவாடும் விக்கிறவங்க..."

மணி அடித்தது. "உட்காருங்க."

"ஒரு நிமிஷம். அவங்களுக்கு வேற இடம்..."

மணி. "நேரம் இல்லை. அடுத்த பொருள்."

அடுக்களையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "அம்மா, இன்னும் சோறே வடிக்கலையே!"

வடிவாம்பாள் விடவில்லை.

"தொட்டியே வேணாம்னு நான் சொல்லலை. வடக்கே மேட்டுல புறம்போக்கு சும்மாதானே கிடக்கு? அங்க கட்டினா சந்தையும் பிழைக்கும், தண்ணியும் தானா இறங்கி..."

மணி. "ஊர் வளர்ச்சிக்குக் குறுக்க நிக்காதீங்க."

"நான் குறுக்க நிக்கிறேனா? நானா? உனக்குக் காது இருக்கா இல்லையா? மணியடிக்கத்தான் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கியா?"

மணி தரையில் உருண்டு, தூணில் மோதி நின்றது. அதைத் தட்டிவிட்டது தம் கைதான் என்பது வடிவாம்பாளுக்குச் சற்றுப் பிந்தியே உறைத்தது.

தோளில் கிடந்த முந்தானையை இறக்கிச் சரிசெய்துகொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா."

"மாசிலாமணி எதுக்குத் தலைவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்?"

வடிவாம்பாள் உருண்டுபோன மணியை எடுத்து அருளம்மையின் முன்னால் வைத்தார். பிறகு தமக்குள் சொல்லிக்கொள்பவரைப்போலச் சொன்னார்: "அந்த மேட்டு நிலத்தை இன்ஜினியர் போய்ப் பார்த்தாரான்னுகூட நான் கேக்கலை."

"இப்போ கேக்கலாமே."

"கேக்குறேன். நாளைக்கு முதல் பொருளே அவர் கேள்விதான். போலீஸ் வாசலோட நிக்கட்டும்." விடைபெற எழுந்தவருக்கு மனம் ஆறவில்லை. "ஆனாலும், அம்மா, அவர் ஒண்ணும் உத்தமர் இல்லை. சந்தைக்காரங்க மேல இருக்கிற அக்கறையைவிட அவங்க ஓட்டு மேலதான் அவருக்கு அக்கறை. நான் பதில் சொன்னாலும் கத்தத்தான் போறார்."

"கத்தலாம்" என்றார் அருளம்மை. "பதில் சொன்ன பிறகும் கத்தினா, அது அவர் சத்தம். அதுவரைக்கும் அதுல பாதி உங்களோடது."