உடும்பை விட்டுச் சேவலைப் பிடித்த முள்ளம்பன்றி

ஓடைக்கரைக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. பந்தாட்டம் என்றால் அதற்கு உயிர். ஆனால் பந்தாட அதற்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்தக் காட்டில் பந்து என்பது காய்ந்த சுரைக்குடுக்கை. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை முள்ளம்பன்றி ஆசையாக ஓடிப்போய்ப் பந்தைத் தொட்டது. முள் குத்திக் குடுக்கை பிளந்துவிட்டது. அன்றைய ஆட்டம் அதோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு யாரும் அதை ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

ஆட முடியாதவர்கள் அந்தக் காட்டில் இன்னும் நிறையப் பேர். சாரைப்பாம்புக்கு உதைக்கக் கால் இல்லை. நத்தை பந்தை எட்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். எருமை உதைத்தாலோ பந்து பக்கத்துக் காட்டில் போய் விழும். ஆட முடியாவிட்டால் ஆசை விட்டுவிடுமா? இவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு மனக்கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

பங்குனியில் ஏரி வற்றியதும் வடகரைக்காரர்களும் தென்கரைக்காரர்களும் ஏரிக்குள் பந்தாடுவார்கள். இரண்டு பக்கமும் கறையான் புற்றுகள்தான் கோல். மனக்கோட்டை கட்டுகிறவர்கள் போட்டி தொடங்குவதற்கு முன்பே ஆளுக்கு மூன்று ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லிவைக்க வேண்டும். அவர்கள் எந்தக் கரையாக இருந்தாலும் சரி. ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் சொல்லக் கூடாது. அந்த ஆட்டக்காரர் கோல் அடித்தால் ஒரு புள்ளி, வருகிற கோலைத் தடுத்தால் ஒரு புள்ளி. புள்ளி எல்லாம் பெயர் சொன்னவருக்கு. எல்லாப் போட்டியும் முடியும்போது அதிகப் புள்ளி வைத்திருப்பவர்தான் ஜெயித்தவர். முதல் போட்டிக்கு முந்தின நாள் வரை ஒருவரை விட்டுவிட்டு வேறொருவரை எடுத்துக்கொள்ளலாம். பிறகு தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. எருமைதான் நடுவர். அது அசைபோட்டபடியே எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பந்தாடுகிறவர்களுக்கு இப்படி ஒரு விளையாட்டு நடப்பதே தெரியாது. அவர்கள் பாட்டுக்கு உதைத்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் பாட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் நானும் இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டேன். மனக்கோட்டையில் ஜெயிப்பவருக்கு ஒரு பரிசு உண்டு. ஊற்றுப் பக்கத்து மருதமரத்தின் அடியில் ஒரு பொந்து இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலிலும் அதன் உள்ளே சில்லென்று இருக்கும். ஜெயித்தவர் அந்தக் கோடை முழுவதும் குடும்பத்தோடு அங்கே இருந்துகொள்ளலாம்.

முள்ளம்பன்றியின் வீடு ஒரு பாறை இடுக்கு. போன கோடையில் பாறை காய்ந்து, உள்ளே படுக்கவே முடியவில்லை. இந்த வருஷம் வீட்டில் இரண்டு பச்சைக் குட்டிகள் வேறு. அவற்றுக்கு முள்கூட இன்னும் சரியாக முளைக்கவில்லை. "இந்தப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு அந்தக் கொதிப்புல எப்படிங்க இருக்கிறது?" என்று மனைவி கேட்டாள். "கவலைப்படாதே. இந்த வருஷம் பொந்து நமக்குத்தான்" என்றது முள்ளம்பன்றி.

அப்படிச் சொல்ல அதற்குக் காரணமும் இருந்தது. பெயர் சொல்லும் நாளில் விடியும் முன்பே போய் எருமையின் காலடியில் உட்கார்ந்துவிட்டது. முதலில் உடும்பு, அடுத்து முயல், அதற்கடுத்து மந்திக்குரங்கு என்று நல்ல பெயர்களாகப் பார்த்துச் சொல்லிவிட்டது. உடும்பு தென்கரையின் கோல்கீப்பர். போன வருஷம் முழுக்க அது தவறவிட்டது ஒரே ஒரு கோல். சாரைப்பாம்பு மெதுவாக ஊர்ந்து கடைசியில் வந்து சேர்ந்தபோது யாரும் சீண்டாத பெயர்கள்தான் மிச்சம் இருந்தன. பாவம், அது ஓர் ஓணானையும் இரண்டு அணில்களையும் எடுத்துக்கொண்டு போனது.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் முள்ளம்பன்றி பொந்துக்குக் குடி போயிருக்கும். ஆனால் கையில் நல்லது இருக்கும்போது சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நமக்குத் தெரியாதா?

மாசி மாதம் முழுக்க ஏரிக்கரையில் பயிற்சி ஆட்டம் நடந்தது. பயிற்சி விடியற்காலையில்தான். மற்ற நேரத்தில் அவரவருக்கு இரை தேடும் வேலை இருக்கிறது. நிஜப் போட்டி மட்டும் உச்சிவெயிலில் நடக்கும். அந்த நேரத்தில்தான் புலி நன்றாகத் தூங்கும், காடு முழுவதும் பயமில்லாமல் கூடலாம். முள்ளம்பன்றியோ இரவில் மேய்ந்து பகலில் தூங்குகிற பிராணி. ஆகவே மேய்ந்துவிட்டு வீடு திரும்பும் வழியில் பயிற்சியை மட்டும் பார்க்கும். அது தன் ஆயுளில் ஒரு நிஜப் போட்டியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பந்தாட்டத்தைப் பற்றி அதனிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், நம்மை எழுந்திருக்க விடாது.

அந்த வருஷம் என்றுமில்லாத பனி. ஒரு நாள் பனி மூடிய காலையில் முள்ளம்பன்றி பயிற்சியைப் பார்க்க நின்றது. உடும்பைப் பார்த்ததும் அதற்குத் திக்கென்றது. உடும்பு கோலுக்கு நடுவே காய்ந்த கட்டைபோலக் கிடந்தது. பந்து அதன் மூக்குக்கு முன்னால் உருண்டு கோலுக்குள் போனது. உடும்பு ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டது.

எதிர்ப்பக்கம் ஒரு காட்டுச்சேவல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம்தான் வடகரையில் சேர்ந்த புது ஆள். கொக்கரித்துக்கொண்டே பறந்து பறந்து உதைத்தது. அடித்ததெல்லாம் கோல்.

மேலே கிளையில் மைனா உட்கார்ந்திருந்தது. மைனாவுக்கு மனக்கோட்டையில் அணி கிடையாது, ஆலோசனை மட்டும்தான் உண்டு. கேட்டவருக்கும் சொல்லும், கேட்காதவருக்கும் சொல்லும். சொன்னது பலிக்காமல் போனால் அதற்கு ஒன்றும் நஷ்டமில்லை.

"பார்த்தீங்களாண்ணே, உடும்பு கதை முடிஞ்சுபோச்சு" என்றது மைனா.

"போன வருஷம் நல்லாத்தானே ஆடிச்சு?" என்றது முள்ளம்பன்றி.

"போன வருஷ மழையில இந்த வருஷம் நனைய முடியுமாண்ணே? வயசாகுதுல்ல? சேவலைப் பாருங்க. இந்த வருஷம் காடே அதோட பேரைத்தான் சொல்லப்போகுது."

முள்ளம்பன்றி யோசித்தபடியே வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னது. உடும்பை விட்டுவிடாதீர்கள் என்று அவள் கெஞ்சாத குறைதான். "போன வருஷம் முழுக்க அது விட்டது ஒண்ணே ஒண்ணுங்க" என்றாள். "உனக்குப் பந்தாட்டத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டு முள்ளம்பன்றி படுத்துக்கொண்டது. தூக்கம்தான் வரவில்லை.

மறுநாள் காலையும் உடும்பு கட்டையாகத்தான் கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். முதல் போட்டிக்கு முந்தின நாள் மைனா பறந்து வந்தது. மூச்சு வாங்கியது. சாரைப்பாம்பு எருமையைப் பார்க்கக் கிளம்பிவிட்டது என்றும், அது சேவலைக் கேட்கத்தான் போகிறது என்றும் சொன்னது. பாம்பு அப்படிச் சொன்னதா என்று முள்ளம்பன்றி கேட்கவில்லை. கேட்டிருந்தால், தான்தான் பாம்புக்கும் அந்த ஆலோசனையைச் சொன்னதாக மைனாவே பெருமையாகச் சொல்லியிருக்கும்.

முள்ளம்பன்றி முள் சலசலக்க ஓடியது. ஊர்ந்து வந்துகொண்டிருந்த பாம்பை வழியில் தாண்டிப் போய் எருமையின் முன்னால் நின்றது.

"உடும்பை விடறேன். சேவலை எடுத்துக்கிறேன்" என்றது.

"நல்லா யோசிச்சுட்டியா?" என்று எருமை கேட்டது.

"ராத்திரி பூரா யோசிச்சேன்."

எருமை தலையை ஆட்டியது. அந்த நேரத்தில் பாம்பும் வந்து சேர்ந்தது. நடந்ததை எருமை சொல்ல, பாம்பு நாக்கை இரண்டு தடவை நீட்டி இழுத்தது. "அப்போ ஓணானை விட்டுட்டு உடும்பை நான் எடுத்துக்கிறேன்" என்றது. உடனே திரும்பிப் போனது. அதைப் பார்த்து முள்ளம்பன்றிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

முதல் போட்டி முடிந்த அன்று சாயங்காலம் முள்ளம்பன்றி எழுந்து சோம்பல் முறிக்கும்போது மைனா செய்தி கொண்டு வந்தது. முயலும் குரங்கும் நன்றாக ஆடியிருந்தன. சேவல் ஒரு கோலும் அடிக்கவில்லை. உடும்பு வந்த பந்தையெல்லாம் பிடித்துவிட்டது.

"முதல் ஆட்டம்தானேண்ணே. சேவலுக்கு இன்னும் சூடு பிடிக்கலை" என்றது மைனா.

இரண்டாவது போட்டியிலும் அதே கதை. சேவலுக்கு இது இறகு உதிர்கிற காலம் என்றது மைனா. மூன்றாவது போட்டிக்குப் பிறகு காற்றின் திசை சரியில்லை என்றது. அதற்கடுத்த போட்டிக்குப் பிறகு முள்ளம்பன்றியின் பக்கமே வரவில்லை. போட்டிகளுக்கு நடுவே நடந்த விடியற்காலைப் பயிற்சிகளில் முள்ளம்பன்றி பார்க்கும்போதெல்லாம் சேவல் பறந்து பறந்துதான் உதைத்தது. உடும்பு கட்டையாகத்தான் கிடந்தது. முள்ளம்பன்றிக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

நல்லவேளையாகத் தென்கரைக் குரங்கு கோலாக அடித்துத் தள்ளியது, வடகரை முயலும் பல கோலைத் தடுத்தது. கடைசிப் போட்டி வந்தபோது முள்ளம்பன்றியும் பாம்பும் சமமாக நின்றார்கள். "இன்னைக்கு நான் தூங்கப்போறதில்லை. நேர்ல போய்ப் பார்த்துடறேன்" என்றது முள்ளம்பன்றி. மனைவியும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

உச்சிவெயிலில் முள்ளம்பன்றிக்குக் கண் கூசியது. இடுக்கிக்கொண்டு பார்த்தது. முதலில் தன் சேவலைத் தேடியது. சேவல் மைதானத்தில் இல்லை. ஓரத்தில் ஒரு காரைச்செடி நிழலில் அலகைப் பிளந்துகொண்டு இரைத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் காட்டுச்சேவல் நிழலை விட்டு வராது என்பது அங்கே கூடியிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு உடும்பைப் பார்த்தது. உடும்பு சுடுகிற மண்ணில் வயிற்றை அழுத்திப் படுத்திருந்தது. பந்து வந்ததும் சாட்டையைச் சொடுக்கியதுபோல எழும்பியது. இடப்பக்கம் வந்த பந்தும் அதன் கையில், வலப்பக்கம் வந்த பந்தும் அதன் கையில். பிடித்த பந்தை அதன் கையிலிருந்து பிடுங்க நாலு பேர் வேண்டியிருந்தது. "இதுவா அந்த உடும்பு?" என்று முள்ளம்பன்றி மனைவியிடம் கேட்டது.

அந்தப் பக்கம் முள்ளம்பன்றியின் குரங்கு விடாமல் கோல் அடித்தது, முயலும் முடிந்ததையெல்லாம் தடுத்தது. ஆட்டம் முடியும் நேரம் நெருங்கியது. எருமை கணக்குப் பார்த்தது. அப்போதும் சமம்தான்.

கடைசிப் பந்து முயலின் காலுக்கு வந்தது. முயல் தென்கரைக் கோலை நோக்கிப் பாய்ந்தது. எதிரே உடும்பு. முயல் அடித்துவிட்டால் மருதமரத்துப் பொந்து முள்ளம்பன்றிக்கு. உடும்பு பிடித்துவிட்டால் பாம்புக்கு. முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அதன் உடம்பில் இருந்த முள் எல்லாம் எழுந்து நின்றது.

முயல் நல்ல உதைதான் உதைத்தது. குடுக்கை புற்றின் ஓரத்தை ஒட்டிப் பறந்தது. உடும்பு குறுக்கே தாவி அதை அணைத்துக்கொண்டு மண்ணில் விழுந்தது. பந்து அதன் மார்பில் இருந்தது.

தென்கரையே ஆரவாரம் செய்தது. முள்ளம்பன்றிக்கு அழுகை வந்தது. அது பாம்பிடம்தான் முதலில் போனது. "உடும்பு இப்படி ஆடும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது.

"பனிக்காலையில நானும் அப்படித்தான் கிடப்பேன்" என்றது பாம்பு. "குளிர்ல எங்க உடம்பு கல்லாயிடும். வெயில் பட்டாத்தான் உயிர் வரும்."

முள்ளம்பன்றி நேரே உடும்பிடம் போனது. கோபமா வருத்தமா என்று அதற்கே புரியவில்லை. "இதை நீ ஒரு வார்த்தை என்கிட்டே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா உன்னை என் அணியிலேர்ந்து விட்டிருப்பேனா?" என்றது.

உடும்பு பந்தைக் கீழே வைத்துவிட்டு முள்ளம்பன்றியை ஏற இறங்கப் பார்த்தது.

"நான் எப்போண்ணே உங்க அணியில இருந்தேன்?" என்று கேட்டது.

முள்ளம்பன்றி குட்டிகளை முன்னால் விட்டு வீட்டுக்கு நடந்தது. மனைவி பின்னாலேயே வந்தாள். பாறை இடுக்கு வந்ததும், "விட்டது ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

சித்திரை பிறந்தது. பாறை கொதித்தது. பகல் முழுக்க முள்ளம்பன்றி தூங்காமல் உட்கார்ந்து வாலால் குட்டிகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பாறைக்கு மேலே மைனா வந்து உட்கார்ந்தது. "அண்ணே, அடுத்த வருஷத்துக்கு யாரை எடுக்கணும்னு இப்பவே சொல்லட்டுமா?" என்றது. முள்ளம்பன்றி மெதுவாகத் திரும்பி, தன் முதுகை அதற்குக் காட்டி, எல்லா முள்ளையும் ஒன்றாகச் சிலிர்த்தது. மைனா பேச்சை முடிக்காமலே பறந்துவிட்டது.

ஒருவரை அவர் உழைக்கும் நேரத்தில் பார்க்காமல் நமக்குக் கண்ணில் பட்ட நேரத்தில் பார்த்து எடைபோட்டுக் கைவிட்டால், நஷ்டம் நமக்குத்தான். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.