நிஷாதத்தின் வீட்டில் பாட்டு ஏன் தங்குவதில்லை

சுரங்களுக்கும் வாயும் வயிறும் இருந்த அந்தக் காலத்தில், ஒரு குளத்தைச் சுற்றிப் பன்னிரண்டு மனைகள் இருந்தன. ஏழில் வீடு கட்டி ஏழு சுரங்கள் குடியிருந்தார்கள். முதல் வீடு சட்ஜத்தினுடையது, கடைசி வீடு நிஷாதத்தினுடையது. குளத்தைச் சுற்றுகிற தெரு என்பதால் அந்த இரண்டு வீடும் அடுத்தடுத்து.

பாட்டு என்றொரு விருந்தாளி அங்கே வருவாள். அவளை அழைக்க ஒரு முறை உண்டு. அழைப்பவர் ஒரு வீடு விட்டு ஒரு வீடாக இரண்டு பேரைத் துணை சேர்க்க வேண்டும். ஏழு மனை நீளக் கயிற்றைத் தன் வாசல் கம்பத்திலிருந்து இரண்டாம் துணையின் கம்பம் வரை கட்ட வேண்டும். கயிறு விறைப்பாக நின்றால் பாட்டு வந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவாள். ஆறு பேருக்கும் கயிறு அளவெடுத்தாற்போல் நின்றது.

நிஷாதம் மட்டும் பாவம். அவனுக்கு முதல் துணை ரிஷபம், இரண்டாம் துணை மத்திமம். மத்திமம் வீடு அவனிடமிருந்து ஆறே மனை. கயிறு தொய்ந்து மண்ணில் புரண்டது. பாட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். ஆக்கிய சோற்றை அவன் தனியே தின்பான். பக்கத்து வீட்டுச் சிரிப்பு சுவர் தாண்டி வரும். அதைக் கேட்டுக்கொண்டு சோறு இறங்குமா?

ஒருநாள் மத்திமத்திடம் போனான்.

“அண்ணே, உங்களுக்கு அடுத்த மனை காலியாத்தானே கிடக்கு. ஒரு மனை தள்ளிக் குடியேறுங்களேன்.”

“தள்ளினா சட்ஜம் வாசல் வரைக்கும் கட்டியிருக்கிற என் கயிறு தொய்ஞ்சு போகும்ப்பா. அப்புறம் உனக்காக நான் தனியா உட்காரணுமா?” என்றான் மத்திமம்.

நியாயம்தான். நிஷாதம் வீடு திரும்பி அரிவாளை எடுத்தான். கயிற்றில் வெட்டு விழக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. தனிமை கட்டுப்பாட்டைப் பார்க்குமா? கம்பத்துக்குக் கம்பம் ஆறு மனையை மட்டும் அளந்து கயிற்றை அறுத்தான். அவசரக்காரன், முடிச்சுக்கு மிச்சம் விட மறந்துவிட்டான். மீதியைப் பல்லைக் கடித்து இழுத்துக் கட்டினான்.

பாட்டு வந்தாள். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இலை போட்டான். உட்கார்ந்தவள் நெளிந்தாள். கயிறு இழுத்த இழுப்பில் கம்பம் சாய்ந்து, கூரை தலைமேல் இறங்கியிருந்தது.

“சாப்பாடு மணக்குது தம்பி. ஆனா இருப்புக் கொள்ளலையே, மூச்சு முட்டுது.”

“ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கக்கா.”

அவள் எழுந்துவிட்டாள். ஒரே எட்டில் பக்கத்து வாசல். சட்ஜம் வீட்டில் சாய்ந்து, “அப்பாடா, இந்த வீடு இவ்வளவு சுகம்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்று அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

பாட்டுக்கோ அந்தச் சுகம் ருசித்துவிட்டது. நிஷாதம் வீட்டில் ஒரு நொடி மூச்சு முட்ட இருந்துவிட்டுச் சட்ஜம் வீட்டுக்குப் போவதையே வழக்கமாக்கிக்கொண்டாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது. நி, ரி, ம மூன்றையும் சேர்த்து வாசித்தால், கிடார்க்காரர்கள் டிமினிஷ்ட் கார்டு என்கிறார்களே, அந்த ஒலியில் யாருக்கும் இருப்புக் கொள்வதில்லை; கை தானாகச் சட்ஜத்தைத் தேடுகிறது. நிஷாதம் வீட்டுக்கு இப்போது எல்லாரும் வருகிறார்கள், ஒருவரும் தங்குவதில்லை.