பாட்டு முடிந்த கையோடு கோடாலி

கடவுள் ஊர் ஊராகப் புத்தியை அளந்து போட்டுக்கொண்டு வந்தபோது, புங்கங்குடிக்காரர்கள் மழை என்று நினைத்துக் கூடையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டார்களாம்.

அந்த ஊர்த் தேங்காய்த் தரகர் செபத்தியான். வாயாலேயே முன்னுக்கு வந்த ஆள். பேரம் படியாவிட்டால் மூக்கு சிவந்துவிடும். பக்கத்தில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது, மனைவி மரியபுஷ்பம் ஆசையாய் வளர்த்த கிடாவைக் கொடுத்துவிட்டு, கால் முளைத்த சவப்பெட்டி மாதிரி ஒன்றை வாங்கி வந்தார். ஹார்ப்சிகார்டு என்று பேர். பியானோவுக்குப் பாட்டன். கட்டையை அமுக்கினால் உள்ளே ஒரு இறகு கம்பியைச் சுண்டும். வெள்ளைக்காரர்களின் முந்நூறு வருஷத்துப் பழைய பரோக் சங்கீதத்தை அதில்தான் வாசிக்க வேண்டுமாம். பழகிக்கொள்ளக் கூடவே தமிழில் ஒரு புத்தகம்.

"என் கிடா போச்சு," என்றாள் மரியபுஷ்பம். "ஞாயித்துக்கிழமை ஊருக்கு முன்னால ஒரு பாட்டு வாசிங்க. நல்லா இல்லேன்னா, பாட்டு முடிஞ்ச கையோட கோடாலி. வருஷத்துக்கும் விறகாச்சு."

"பாட்டு முடியிறவரைக்கும் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

பேரம் படிந்தது. செபத்தியான் புத்தகத்தைத் திறந்தார். ஒத்தாசைக்கு மைத்துனன் லூர்துராயனும், கோயில் மணியடிக்கும் மிக்கேலும்.

'முட்டையைப் பிடித்ததுபோல் கையை வளைத்து வைக்கவும்' என்றது புத்தகம்.

"எந்த முட்டைன்னு போடலையே?" என்றான் லூர்துராயன்.

"வெள்ளைக்காரன் கை பெருசு. வாத்து முட்டைதான்," என்றான் மிக்கேல்.

"அவிச்சதா?"

"அவிக்கச் சொல்லலை."

கைக்கொரு பச்சை முட்டையோடு செபத்தியான் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வழிந்தது காய்ந்ததும் ஏழு கட்டைகள் ஒட்டிக்கொண்டன. ஒன்றை அமுக்கினால் ஏழும் பாடின. "ஒண்ணு கேட்டா ஏழு தர்றான்!" என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

'தேய்ந்த இடத்தில் காக்கை இறகு வைக்கவும்' என்றிருந்தது. லூர்துராயன் காக்கையையே பிடித்து வந்தான். "சில்லறையா எதுக்கு மச்சான்?" உள்ளே விட்டு மூடினார்கள். அதற்குப்பின் எதைத் தொட்டாலும் நடுநடுவே 'கா' என்றது. அந்தச் சுரம் மட்டும் சுருதி விலகவே இல்லை.

'ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசிக்கவும்.'

"ஒரே சரக்கை ரெண்டு தடவை எவன் வாங்குவான்? ஒரு தடவைக்கு முடி!" என்று செபத்தியான் புத்தகத்தைப் பார்த்துக் கத்தினார். புத்தகம் மறுத்துப் பேசவில்லை. முடிந்ததாக எடுத்துக்கொண்டார்.

'இங்கே சத்தம் குறைய வேண்டும்' என்ற இடத்தில்தான் வண்டி நின்றது. விரல்நுனியால் தொட்டார்; அதே சத்தம். முழங்கையால் இடித்தார், அதே சத்தம்.

"கெஞ்சினாலும் அதே விலை, அதட்டினாலும் அதே விலை! இப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததே இல்லடா!"

மிக்கேல் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டான். "அண்ணே, பெட்டி குறைக்காட்டி என்ன? கேக்குறவங்க தள்ளிப் போனா குறையுமில்ல?"

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊரே கூடியது. சத்தம் குறைய வேண்டிய இடம் வந்ததும் மிக்கேல் சிவப்புத் துண்டை ஆட்டினான். ஊர் எழுந்து புளியமரத்துக்கு ஓடியது. சத்தம் கூட வேண்டிய இடத்தில் திரும்பி ஓடி வந்தது. போகும்போதும் வரும்போதும் மரியபுஷ்பம்தான் முன்னால், தோளில் கோடாலியோடு.

கடைசி வரி: 'சத்தம் குறைந்து குறைந்து, யாருக்கும் கேட்காமல் மறைய வேண்டும்.'

ஊர் வயலைத் தாண்டியது, வாய்க்காலைத் தாண்டியது, ஒன்றுமே கேட்காத ஆற்றங்கரையில் போய் நின்றது.

செபத்தியான் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் மட்டும் கணீரென்று விழுந்தது. 'யாருக்கும்' என்றால் நானும் சேர்த்திதானே? நியாயம் நியாயம்தான். எழுந்தார், அவரும் ஆற்றங்கரைக்கு நடந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"அருமை மச்சான்! ஒரு பொட்டு சத்தம் கேக்கலை."

மரியபுஷ்பம் கோடாலியை இறக்கினாள். "பாட்டு முடிஞ்சுதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்கேதானே இருக்கேன்."

"ஓடிப்போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்றான் லூர்துராயன்.

"கிட்டப் போனா சத்தம் கூடிரும்டா. பாட்டு கெட்டுரும்," என்றான் மிக்கேல்.

மரியபுஷ்பம் யோசித்தாள். கொடுத்த வாக்கு வாக்குதான். கோடாலியை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். ஊரும் உட்கார்ந்தது. பொழுது சாய்ந்தது. பின்வரிசையில் யாரோ லேசாக இருமினார்கள்.

"ஷ்ஷ்!" என்று திரும்பி முறைத்தாள் மரியபுஷ்பம். "இன்னும் வாசிச்சுட்டு இருக்காரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செபத்தியானும் வாயைப் பொத்திக்கொண்டார்.