நிறுத்தி வைத்த கடிதங்கள்

அந்த மடத்துக்குக் கடிதமெல்லாம் கம்ப்யூட்டரில்தான் வரும். யார் எழுதினாலும் அன்றைக்கே பதில் போய்விட வேண்டும். வேறு சட்டம் அங்கே கிடையாது.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் தில்லைநாதனுக்கு ஐம்பத்தாறு. முப்பது வருஷம் கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்ட கை. யாருக்கு யார் குரு என்பது அவர்கள் பாடு.

"தினம் முந்நூறு வருது சாமி. லாட்டரி, கடன், ஆண்மை மருந்து. உருப்படியான கடிதம் பத்து தேறாது. இந்தக் குப்பையை, ஸ்பாமைத் தடுக்கிற மென்பொருள் ஒன்று போடட்டுமா?"

"போடும்."

போட்டார். எதைத் தடுக்க வேண்டும் என்ற விதிகளையும் அவரே எழுதினார். மறுநாள் ஒன்பது கடிதம்தான் வந்தது. தில்லைநாதன் மத்தியானம் தூங்கினார்.

இருபதாம் நாள் காலை கோவில்பட்டியிலிருந்து ஒரு போன்.

"என் தம்பி குமரேசன் உங்களுக்கு விடாம எழுதிக்கிட்டு இருந்தான். அவன் சம்சாரம் தவறிப்போய் மூணு மாசம். முந்தாநாள் வீட்டை விட்டுப் போனவன், போனும் அணைஞ்சு கிடக்கு. எங்க இருக்கான்னு உங்களுக்கு ஏதும் எழுதினானா?"

"அப்படி ஒரு பேரில் கடிதமே வரலியே" என்றார் தில்லைநாதன். சொல்லும்போதே தான் எழுதிய விதிகள் நினைவுக்கு வந்தன. குருவைத் தேடிப் போனார்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, நான் போட்ட சனியன்தான் தடுத்திருக்கும். முன்பின் தெரியாத ஆள், திரும்பத் திரும்ப எழுதுகிறான், 'உடனே', 'கடைசி' என்றெல்லாம் போடுகிறான் என்றால் நிறுத்து. இப்படித்தான் விதி எழுதினேன்."

"இப்போது என்ன செய்யப் போகிறீர்?"

"பிடுங்கி எறியப் போகிறேன்."

கம்ப்யூட்டரில் மென்பொருளை நீக்கும் கட்டளையைத் தட்டினார். திரை ஏதோ கேட்டது. அந்தத் தொழிலில் திரை கேட்பதை எவனும் படிப்பதில்லை. 'ஆம்' என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். தில்லைநாதனின் விரலும் இறங்கியது. பின்னாலேயே வந்திருந்த குரு அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன கேட்கிறது? வாய்விட்டுப் படியும்."

"'நிறுத்தி வைத்துள்ள ஐயாயிரத்து எண்ணூறு கடிதங்களையும் சேர்த்து அழிக்கவா?'"

தில்லைநாதன் 'இல்லை' என்று தட்டினார். மென்பொருளையும் எடுக்கவில்லை, கடிதங்களையும் அழிக்கவில்லை. நிறுத்தி வைத்ததில் குமரேசன் பெயரைத் தேடினார். பதினான்கு கடிதங்கள். கடைசிக் கடிதம் நேற்றுக் காலை வந்தது.

"அய்யா, உங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். ரயிலடி லாட்ஜில் ஏழாம் நம்பர் அறை. பார்க்க வரலாமா? வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதுங்கள். அதற்குத்தான் காத்திருக்கிறேன்."

"நீங்க போங்க சாமி. அவன் முகத்தில நான் எப்படி முழிப்பேன்?"

"நிறுத்தி வைத்தவர் நீர். சைக்கிளை எடும்."

"ஏதாவது பண்ணிக்கிட்டிருந்தா?"

"அதையும் நீர்தான் பார்க்க வேண்டும்."

போனார். ஏழாம் நம்பர் கதவை மூன்று முறை தட்டினார். சத்தமில்லை. நான்காவது தட்டலுக்குத் தாழ்ப்பாள் விலகியது. தாடியும் வீங்கிய கண்ணுமாக ஒரு ஆள் நின்றான்.

"குமரேசனா? மடத்திலிருந்து வர்றேன்."

"இவ்வளவு நாள் கழிச்சா?" என்றான் அவன்.

தில்லைநாதன் அவனைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்.

மத்தியானம் குமரேசன் மடத்தில் சாப்பிட்டான். அண்ணனோடு போனில் பேசினான். தில்லைநாதன் சாப்பிடாமல் குருவிடம் போனார்.

"சாமி, அந்த மென்பொருளை எடுத்துவிடட்டுமா, இருக்கட்டுமா?"

"காலையிலிருந்து எத்தனையை நிறுத்தியிருக்கிறது?"

"நூற்றுப் பத்து."

"படித்துவிட்டு வந்து கேளும்."

சாயங்காலம் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்தார். அதையே கேட்டார்.

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"நீர் படித்துக்கொண்டிருந்தபோது அது இன்னும் எத்தனையை நிறுத்தியது?"