நெத்திலித்துறையின் சிவப்பு சுவெட்டர்

உடம்பெல்லாம் ஓட்டை, குளிர் நுழைய வழியில்லை. ஒரு முனையை இழுத்தால் ஆளையே காணவில்லை. அது என்ன?

சல்லடை என்றால் தவறு. சிலந்தி வலை என்றால் பாதி சரி. விடை, வெளிநாட்டுப் பொட்டலங்களைச் சோதிக்கும் நெத்திலித்துறைச் சுங்கச் சாவடி மேஜைமேல் கிடந்தது. சிவப்பு நிறம், மார்பில் மஞ்சள் வாத்து, கம்பளி நூலில் பின்னிய சுவெட்டர். கப்பலில் வேலை செய்யும் அப்பா, மகள் மெர்லினுக்காக வெளிநாட்டிலிருந்து அனுப்பியது.

அன்று மாலை ஐந்து மணிக்கு மெர்லினின் பள்ளிப் பேருந்து கொடைக்கானலுக்குப் புறப்படுகிறது. "சுவெட்டர் வந்தால் மலைக்குப் போ. வராவிட்டால் வீட்டிலே இரு" என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் மெர்லின் புஷ்பம் சித்தியோடு சாவடிக்கு வந்து நின்றாள். பிள்ளைகளுக்குத் துணையாக மலைக்குப் போவதும் அந்தச் சித்திதான். அவர் மேஜைவிரிப்பு பின்னி விற்பவர். பையில் எப்போதும் ஊசி இருக்கும்.

சாவடியில் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் சவேரியார், அடுத்தவர் உக்கிரபாண்டி, இளையவர் பிச்சாண்டி. பிச்சாண்டி ஆறடி உயரம், மீசை தனி. மேலதிகாரி மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். போகும்போது நாலு விஷயம் சொல்லிவிட்டுப் போனார்.

"குழந்தை உடுப்புக்கு வரி கிடையாது. போட்டுக்கொள்பவரின் உயரத்தை அளந்து பாருங்கள். பின்னியதா, நெய்ததா என்று நூலை இழுத்துப் பார்த்தால் தெரியும். சந்தேகம் வந்துவிட்டால் யோசிக்காமல் கிடங்கில் பூட்டுங்கள்."

மூவரும் அதை மனப்பாடம் செய்திருந்தார்கள். அதுதான் தொல்லை.

"முதல் வேலை, போட்டுக்கொள்பவரின் உயரம்" என்றார் சவேரியார். "யார் போட்டுக்கொள்வது?"

"நான் போட்டுக்கொள்கிறேன் அண்ணே" என்று பிச்சாண்டி காக்கிச் சட்டையைக் கழற்றினார்.

"சார், அது இந்தப் பிள்ளைக்கு வந்தது!" என்றார் சித்தி.

"அம்மா, சோதனைக்கு நடுவே பேசக் கூடாது" என்றார் சவேரியார்.

தலை நுழைந்தது. காதுகள் கொஞ்சம் தாமதமாக நுழைந்தன. கைகள் முழங்கையோடு நின்றுவிட்டன. வாத்து அகலமாகி எருமை போல் ஆனது. உக்கிரபாண்டி நாற்காலிமேல் ஏறி அளந்தார்.

"ஆறடி!"

"அப்படியானால் இது பெரிய ஆள் உடுப்பு" என்றார் சவேரியார்.

"என் உடுப்பு" என்றாள் மெர்லின்.

"போட்டிருப்பது யார் பாப்பா? நீயா, அவனா?"

மெர்லின் பார்த்தாள். அவர்தான் போட்டிருந்தார்.

கழற்றப் பார்த்தார்கள். சவேரியார் ஒரு கையைப் பிடித்து இழுத்தார், உக்கிரபாண்டி மறு கையைப் பிடித்து இழுத்தார். பிச்சாண்டி தரையைவிட்டு எழுந்தாரே தவிர, சுவெட்டரைவிட்டு வெளியே வரவில்லை.

"கிடக்கட்டும். அடுத்தது நூல்" என்றார் சவேரியார்.

உக்கிரபாண்டி இடுப்போரத்தில் ஒரு முனையைக் கண்டுபிடித்து இழுத்தார். நூல் வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. கை நிறைய வந்ததும் கீழே போட்டுவிட்டு மறுபடி இழுத்தார்.

"வந்துகொண்டே இருக்கிறது அண்ணே!"

"இழுத்துப் பார்த்தால் தெரியும் என்று ஐயா சொன்னார். தெரிகிறதா?"

உக்கிரபாண்டி குனிந்து பார்த்தார். "தெரிகிறது அண்ணே."

"என்ன தெரிகிறது?"

"பிச்சாண்டியின் தொப்புள்."

"ஐயா தொப்புளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. இன்னும் இழு."

அப்போது பிச்சாண்டி மெல்லக் கேட்டார்: "அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். முழுக்க இழுத்துவிட்டால் நான் எதைப் போட்டிருப்பேன்?"

சவேரியார் சட்டென்று திரும்பினார்.

"என்ன சொன்னாய்?"

"சந்தேகம் வந்தது என்றேன்."

"வந்துவிட்டதா! உனக்கா! யோசிக்காதே, நட" என்று சவேரியார் அவரைக் கிடங்கில் தள்ளிப் பூட்டினார். பிச்சாண்டியோடு சுவெட்டரும் போயிற்று. நூல் மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து மெர்லினின் காலடியில் கிடந்தது.

உக்கிரபாண்டி தலையைச் சொறிந்தார். "அண்ணே, உடுப்பும் உள்ளே போய்விட்டதே. இது சரிதானா?"

"சந்தேகப்படுகிறாயா?"

"அது மாதிரித்தான் இருக்கிறது."

உக்கிரபாண்டி ஒழுங்கான மனிதர். கதவைத் திறக்கச் சொல்லி, தானே உள்ளே போனார்.

"சார், மணி நாலரை" என்றார் சித்தி. "பிள்ளை பஸ்ஸை விட்டுவிடும்."

"கவலை வேண்டாம் அம்மா. இனி நான் ஒருவன்தான், சண்டை இல்லை, முடிவு சட்டென்று வரும்" என்று சவேரியார் உட்கார்ந்தார். பிறகு அவர் முகம் மாறியது. "இரண்டு நல்ல பையன்களைப் பூட்டிவிட்டேனே, ஐயா இதைத்தான் சொன்னாரா..." சொன்னதும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"ஐயோ! எனக்கும் வந்துவிட்டது!"

சாவியை மெர்லினிடம் நீட்டினார். "பாப்பா, நான் உள்ளே போனதும் வெளியே பூட்டிவிடு. உள்ளிருந்து பூட்டினால் கணக்கில் சேராது."

பெரியவர் சொன்னதால் மெர்லின் பூட்டினாள்.

சித்தி கதவைத் தட்டினார். "சார், திறந்தால் சுவெட்டரைத் தருவீர்களா?"

உள்ளே குசுகுசுவென்று பேச்சு நடந்தது.

"தருவோம்" என்றது சவேரியார் குரல். "ஆனால் அளப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்."

மெர்லின் குனிந்து நூல் முனையை எடுத்தாள். "வெறும் நூலாக வந்தால்?"

மறுபடி குசுகுசு. இந்த முறை நீளமாக.

"நூலைப் பற்றி ஐயா ஒன்றுமே சொல்லவில்லை" என்றார் உக்கிரபாண்டி. "சொல்லாததைத் தடுக்க எங்களுக்கு அதிகாரமில்லை."

சித்தி பையைத் திறந்து ஊசியை எடுத்தார். "மெர்லின், பஸ் மலையேறுவதற்குள் நான் பின்னிவிடுவேன்டி. வாத்து மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்."

"பாப்பா!" என்று கதறியது பிச்சாண்டியின் குரல். "யோசித்துச் செய்! என் சட்டை வெளியே மேஜைமேல் இருக்கிறது!"

மெர்லின் ஒரு கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். மறு கையிலிருந்த நூலைப் பார்த்தாள்.

சாவியைக் காக்கிச் சட்டையின்மேல் வைத்தாள். நூலை இழுத்தாள்.